பதினேழாம் பக்கம்

ஏற்காட்டில் எங்கள் சபையில் குழந்தை பிறந்த வீட்டில் முதல் காரியமாக வாசல் கதவைச் சாத்துவார்கள். கண் பட்டுவிடும் என்பதற்காக அல்ல. கிறிஸ்தவர்களுக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். ஆயாம்மா வந்துவிடுவார் என்ற பயம்தான்.

கதவைச் சாத்தினாலும் வந்துவிடுவார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆயா வேலை பார்த்தவர் என்பதால் தொழிலாளர்கள் குடியிருக்கும் எந்த லைன் வீட்டில் யாருக்கு வலி எடுத்திருக்கிறது என்பது புருஷன்காரனுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். நெட்டையான ஒல்லி உடம்பு. சேலைக்கு மேல் எந்த டாக்டரோ விட்டுப்போன காக்கிக் கோட்டு. தோளில் பச்சை ரெக்சின் பை. அந்தப் பைக்குள் ஒரு பன்னீர் பாட்டில் இருக்கும். லேபிளைச் சுரண்டிவிட்டு, தினமும் காலையில் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை அதில் நிரப்பிக்கொள்வார். வெறும் தண்ணீர்தான்.

வந்தால் குழந்தையைத் தூக்க மாட்டார், கொஞ்ச மாட்டார். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அதன் நெஞ்சுக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மூச்சு சீரா இருக்குதுங்களா? பாலு குடிக்குதுங்களா? ஐயர் எப்ப வராருங்க?"

பாதிரியாரை எங்கள் ஆட்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். வர இரண்டு வாரமாகும் என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"ஏனுங்க, அத்தன நாளு எதுக்குங்க காத்துக்கிட்டு? இப்பவே ஊத்திரலாமுங்களே?"

விஷயம் இதுதான். ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியவர் பாதிரியார். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் சபையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லலாம். அதுவும் செல்லும். எங்களுக்கு ஆபத்து என்பது ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரிக்கும்போது வருவது. ஆயாம்மாவின் கணக்கில் குழந்தை பிறந்த நிமிடமே ஆபத்து தொடங்கிவிடும். கொழுகொழுவென்று பால் குடிக்கிற பிள்ளையைப் பார்த்து இப்பவே ஊத்திரலாமா என்று கேட்டால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? என் மாமியார் அவருக்கு வைத்திருந்த பெயர், எமனோட ஏஜெண்டு.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை மணி அடிப்போம். ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பு முதல் மணி, பிறகு இரண்டாம் மணி, தொடங்கும்போது மூன்றாவது. ஆயாம்மா முதல் மணிக்கே வந்துவிடுவார், ஆனால் உள்ளே வர மாட்டார். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி அப்போது ஒரு முள்வேலி இருந்தது. அதற்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரத்தடியில், மழை பெய்தாலும் பனி மூடினாலும், மூன்று மணியும் அடித்து ஓயும்வரை நிற்பார். பிறகுதான் செருப்பை உதறிவிட்டுக் கடைசி பெஞ்சுக்கு வருவார். அவருக்கு உள்ளே மூச்சு முட்டும் என்று ஒருவர் சொல்வார். காணிக்கைப் பை வருவதற்குள் ஓடிப்போக வசதியாக இருக்கிறார் என்று இன்னொருவர் சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

சர்ச் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். காப்பித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கருங்கல் கட்டடம். நாற்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். ஆங்கிலிகன் சபை. சுவரெல்லாம் துரைமார் பெயர் பொறித்த சலவைக்கல். அவர்கள் போன பிறகு, அவர்கள் வீட்டில் சமையல் செய்தவர்கள், எஸ்டேட் ரைட்டர்கள், டிஸ்பென்சரி ஆட்கள் என்று எங்கள் பதினைந்து குடும்பங்கள் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். வெகுகாலத்துக்கு எங்களுக்கென்று பாதிரியார் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை சேலத்திலிருந்து பஸ் ஏறி வருவார்.

என் மகள் மாதம் நிறையாமல் பிறந்தாள். மூன்றாம் நாள் உடம்பு நீலம் பாரித்தது. ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஒண்டிக்கடை பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். என் மனைவி குழந்தையோடு ஏறினாள், நான் ஏறினேன், கதவை மூடும் நேரத்தில் பச்சைப் பை உள்ளே வந்து விழுந்தது. பின்னாலேயே ஆயாம்மாவும் ஏறிவிட்டார்.

"எறங்குங்க," என்று கத்தினேன். "எம்பிள்ளை செத்துரும்னு சொல்ல வந்தீங்களா?"

அவர் இறங்கவில்லை. பாய் வண்டியை எடுத்துவிட்டார். மலைப்பாதையில் பாதி வளைவுகள் தாண்டியிருப்போம். குழந்தையின் அழுகை நின்றுபோனது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஆயாம்மாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பேரு சொல்லுங்க கண்ணு. சீக்கிரம்."

நாங்கள் பெயரே முடிவு செய்திருக்கவில்லை. என் மாமியார் ஒரு பட்டியல் வைத்திருந்தார், என் அக்கா இன்னொன்று. என் மனைவி வாயில் வந்ததைச் சொன்னாள். "எஸ்தர்."

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் சாய்ந்து திரும்பும்போது, அந்த ஒல்லிக் கை கொஞ்சமும் நடுங்காமல் மூன்று முறை தண்ணீர் ஊற்றியது. பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஓதி ஊத்தியாச்சில்லீங்க, இனி ஒண்ணும் ஆவாதுங்க. தகிரியமா இருங்க" என்றார். சேலத்தில் பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து எஸ்தர் பிழைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்தது ஒரு கூத்து. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கென்று மாமியார் தரையில் புரளும் வெள்ளை கவுன் தைத்து வைத்திருந்தார், சேலத்தில் கேக்குக்குச் சொல்லியிருந்தார். பாதிரியார் விசாரித்துவிட்டு, ஜீப்பில் கொடுத்ததே முழு ஞானஸ்நானம், இன்னொரு முறை தண்ணீர் ஊற்ற முடியாது, சபையில் ஏற்றுக்கொள்ளும் ஜெபம் மட்டும் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். மாமியார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஜெபம் முடிந்ததும் பதிவேட்டை எடுத்தோம். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர் எல்லாம் எழுதியாயிற்று. கடைசிக் கட்டம், ஞானஸ்நானம் கொடுத்தவர். பாதிரியார் பேனாவோடு நிமிர்ந்தார்.

"உங்க பேரைச் சொல்லுங்கம்மா."

"எம்பேரு வேண்டாமுங்க ஐயா."

"கட்டத்தைக் காலியா விடக் கூடாதும்மா."

"அந்தப் பொஸ்தகத்துல எம்பிள்ளை ஏறலீங்க. அவன் வெளிய கெடக்கையில நான் மட்டும் உள்ள ஏறி உக்காந்துக்கறதுங்களா?"

அவருக்குப் பிள்ளை இருந்தது அங்கே நின்ற எங்கள் யாருக்கும் தெரியாது. புருஷன் கல்யாணமான சில வருடத்திலேயே போய்விட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். ஆயாம்மா டாக்டரிடம் அடுத்தவர் காய்ச்சலைச் சொல்வதைப்போல, நின்றபடியே சொன்னார்.

"ஒம்பது நாளு இருந்தானுங்க. ஞாயித்துக்கெழமை ஐயர் வராரு, அவரு கையால பேரு வெச்சுக்கலாம்னு காத்துக்கிட்டு இருந்தமுங்க. வெள்ளிக்கெழமை நொம்ப மழை. ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னுபோச்சு. சனிக்கெழமை மத்தியானம் போயிட்டானுங்க."

ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைக்கு அடக்க ஆராதனை செய்யக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். பாதிரியார் இல்லாத நாட்களில் சபையைக் கவனித்த உபதேசியார் தானும் அழுதுகொண்டே அதைச் சொல்லியிருக்கிறார். ஜெபம் இல்லை, மணி இல்லை, பதிவேட்டில் வரி இல்லை, வேலிக்கு உள்ளே இடமும் இல்லை. கரடியூரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு மலைக்காரர்தான் சில்வர் ஓக் மரத்தடியில் குழி வெட்டியிருக்கிறார். வெட்டியவர் சும்மா போக மனம் வராமல், தேடிப்போய் ஒரு கல்லைக் கொண்டுவந்து தலைமாட்டில் நட்டுவிட்டுப் போனாராம். அந்தப் பிள்ளைக்காக யாரோ செய்த ஒரே காரியம் அதுதான்.

"ரெண்டு மாசங் கழிச்சு ஐயர் பிரசங்கத்துல சொன்னாருங்க, அவசரம்னா யாரு வேணும்னாலும் ஊத்தலாமுன்னு. அது வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. ஒருத்தரும் சொல்லலீங்க." ஆயாம்மா பச்சைப் பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்கூட்டுல ரெண்டு கொடம் தண்ணி இருந்துச்சுங்க. சொட்டுச் சொட்டா ஊடு பூராவும் ஒழுகுச்சுங்க. வெளிய மழை வேற. அவ்வளவு தண்ணிக்கு நடுவுல எம்பிள்ளை ஒரு கை தண்ணியில்லாமப் போனானுங்க."

பாதிரியார் அந்தக் கட்டத்தில் 'சபையார் ஒருவர்' என்று எழுதி மூடிவிட்டார். என் மாமியார் கேக்கில் பாதியை வெட்டி, அவரே கொண்டுபோய் ஆயாம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எமனோட ஏஜெண்டு என்ற பெயர் எங்கள் வீட்டில் புழங்கவில்லை. ஆயாம்மாவின் பெயரை நான் இங்கே எழுதாததற்கும் அந்தக் கட்டம்தான் காரணம்.

எஸ்தர் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆலயத்தின் ஆண்டுவிழா வந்தது. சபை வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. ஒண்டிக்கடையில் நான் ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருப்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பழைய பதிவேடுகளைக் கடைக்கே கொண்டுவந்தேன். எந்தத் துரை இடம் கொடுத்தார், யார் மணி வாங்கிக் கொடுத்தார், எந்தத் துரைசாணி ஆர்கன் வாசித்தார் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் இங்கே அடக்கம் பண்ணப்பட்டவர்களின் பட்டியல். காய்ச்சலில் போன துரைகள், பிரசவத்தில் போன துரைசாணிகள். நான்கு நாள் மட்டும் இருந்த ஒரு துரை வீட்டுக் குழந்தைக்குப் பட்டியலில் வரியும் உண்டு, தோட்டத்தில் சலவைக்கல் ஆட்டுக்குட்டியும் உண்டு. பாதிரியார் வந்தால் அந்தத் துரை பங்களாவில்தான் தங்குவாராம், ஞானஸ்நானம் தாமதமாக வழியில்லை.

ஆயாம்மா ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். கோட்டுப் பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"சாமி, அந்தப் பேருங்களுக்கெல்லாங் கீழ எம்பையனையும் போட முடியுமுங்களா? பேரு வேண்டாமுங்க, அவனுக்குத்தான் பேரில்லையே. ஒரு ஆண் கொழந்தை, ஒம்பது நாளுன்னு போட்டாப் போதுமுங்க."

அவர் தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் எதிரிலேயே டைப் செய்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. எழுந்து வந்து, திரையில் அந்த வரியை விரலால் தொட்டார்.

"இதுங்களா?"

"அதேதாங்க."

"சின்னதாத்தான் இருக்கறான்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரமே கமிட்டியில் புரூஃப் பார்த்தார்கள். செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிவப்புப் பேனாவை அந்த வரியில் வைத்தார்.

"இது ஏதுங்க? ரிஜிஸ்தர்ல இல்லையே."

சொன்னேன்.

"பாவம்தான், நான் இல்லைங்கலை. ஆனா சரித்திரம்னா ஆதாரம் வேணுமில்லீங்களா? நாளைக்கு ஆளாளுக்கு வந்து எங்க பாட்டனைப் போடு, பூட்டனைப் போடுன்னா என்ன பண்றது? பேராயர் வேற வராரு."

"சரிங்க," என்றேன்.

அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றிய கைக்காக நான் எழுந்து நின்று ஒரு சண்டை போட்டிருக்கலாம். அதிகம் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஊரோடு ஒத்துப்போகிறவன் என்ற நல்ல பெயர் எனக்கு உண்டு. அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. கடைக்கு வந்து அந்த வரியை அழித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஆண்டுவிழாவன்று பேராயர் புத்தகத்தை வெளியிட்டார். ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். ஆயாம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்.

"எத்தனாவது பக்கமுங்க சாமி?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கையில் புத்தகம் விரிந்திருந்தது. விரிந்த பக்கத்தில் இருந்த எண்ணைப் படித்துவிட்டேன்.

"பதினேழுங்க ஆயாம்மா."

"முனைய மடிச்சுக் குடுங்க."

மடித்துக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்து, "பதினேழாம் பக்கம்" என்பார். மற்றவர்கள் காதில் விழாதபடி, எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதைப்போல. பிறகு, "நல்லா இருங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் தலையாட்டுவேன். சில ஞாயிறுகளில் அவரைத் தவிர்க்கப் பின்வாசல் வழியாக நழுவியிருக்கிறேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத வாரம் இல்லை. சொல்லவும் இல்லை.

அவர் போனதும் பக்கத்து வீட்டுப் பெண் ரெக்சின் பையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே தண்ணீரோடு பாட்டில் இருந்தது, புத்தகமும் இருந்தது. மற்ற பக்கங்களெல்லாம் அச்சகத்திலிருந்து வந்ததைப்போலப் புதிதாக இருந்தன. பதினேழாம் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. அந்தப் பக்கத்தில் இருப்பது எங்கள் கோபுரத்து மணியின் கதை. சீமையிலிருந்து கப்பலில் வந்த மணியை, ரோடு போடாத காலத்தில், கழியில் கட்டி ஆட்கள் மலைமேல் தூக்கிவந்த கதை. அவரை வேலிக்கு உள்ளே, ஆராதனையோடு, மணி அடித்து அடக்கம் செய்தோம். நம்பிக்கொண்டே போய்விட்டார், அந்த மட்டில் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது இன்னொரு ஆண்டுவிழா வருகிறது. புத்தகத்தைத் திருத்திப் போடப்போகிறார்கள். பழைய செயலாளர் காலமாகிவிட்டார். போன மாதக் கமிட்டியில் நான் எழுந்து, விட்டுப்போன ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்றேன். நடந்ததையும் சொன்னேன். புதுப் பாதிரியார் சின்ன வயசுக்காரர். "இதுக்கு எதுக்குங்க அனுமதி? போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் வேலை. இரண்டு நிமிடம். அன்று நான் எழுந்து நின்றிருந்தாலும் இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்குமோ என்னவோ. சில்வர் ஓக் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். வேலி போய்விட்டது, மரமும் இல்லை, கல்லும் இல்லை. டூரிஸ்ட் வண்டிகள் நிறுத்தத் தளம் போட்டிருக்கிறார்கள்.

எஸ்தர் கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறாள். போன வாரம் லீவில் வந்திருந்தாள். இத்தனை வருடம் வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அந்த வரியைப் பதினேழாம் பக்கத்திலேயே வருகிற மாதிரி அமைத்துவிட்டேன், பொய் இனி பொய்யாக இருக்காது என்றேன். உண்மையிலேயே மனம் லேசாகிவிட்டது. அவள் என்னைப் பார்க்காமல் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தப் பக்கத்தை ஆயாம்மாவுக்கு நான்தான் படிச்சுக் காட்டினேன்."

"எப்போ?"

"புக்கு குடுத்த மறுநாளே. ஸ்கூல் விட்டு வர வழியில கூப்பிட்டு, பதினேழாம் பக்கத்தைப் படி கண்ணுன்னாங்க. நான் மேலிருந்து கீழ வரைக்கும் படிச்சேன். முழுக்க மணியைப் பத்தி இருந்துச்சு. இன்னொருக்கா படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். பாப்பான்னு எங்கயாச்சும் இருக்குதா பாருன்னாங்க. இல்லையே ஆயாம்மான்னேன்."

அவளே தொடர்ந்தாள்.

"அப்புறம் புக்கை வாங்கி அந்த முனையை மறுபடி மடிச்சாங்க. மணியப் பத்தித்தானே இருக்குது, அது போதும் கண்ணு, மணி அடிச்சா வேலிக்கு வெளியவும் கேக்குமில்லன்னாங்க. அப்பங்கிட்ட சொல்லிராத, மனசு தாங்காதுன்னாங்க. அதான் நான் சொல்லவே இல்லை."

நான்கு வருடம், ஞாயிறு தவறாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை நான் நன்றி என்று நினைத்திருந்தேன்.